விமானத்தைத் தூக்கும் காற்று, ரேஸ் காரை தரையோடு அழுத்துவது எப்படி? இருங்காட்டுக்கோட்டை முதல் இண்டியானாபோலிஸ் வரை

மீனம்பாக்கம் ஓடுபாதையில் ஒரு பயணிகள் விமானம் மணிக்கு சுமார் 250 கி.மீ. வேகத்தை ஒட்டியதும் மூக்கைத் தூக்குகிறது. பல்லாவரம் வீடுகளின் மொட்டை மாடியில் நின்றால் அதன் வயிற்றையே பார்க்கலாம். அதே 250 கி.மீ. வேகத்தில் ஒரு ஃபார்முலா 1 கார் போகும்போது நடப்பது நேர் எதிர். 2024 விதிப்படி ஓட்டுநரையும் சேர்த்து குறைந்தபட்சம் 798 கிலோ இருக்க வேண்டிய அந்த கார், தன் எடையைவிட அதிகமான பலத்தில் தரையை நோக்கி அழுத்தப்படுகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுதான். விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ரேஸ் கார் இறக்கை. கேட்க எளிது. ஆனால் ஒரு கார் வளைவில் நிற்குமா, சுழன்று தடுப்பில் மோதுமா என்பதை முடிவு செய்வது காற்று மட்டும் இல்லை. அதற்கு முன்பே டயரும் எடையும் தங்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

சென்னைக்கு கார் பந்தயம் வந்ததே ஒரு ஓடுபாதை வழியாகத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக்கைத் திறந்தது. சுமார் 3.7 கி.மீ. நீளம், 12 திருப்பங்கள். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு டிராஃபிக் கருணை காட்டினால் ஒரு மணி நேரப் பயணம்.

எல்லாம் நாலு உள்ளங்கையில்

எவ்வளவு விலை உயர்ந்த காராக இருந்தாலும் சாலையைத் தொடுவது நாலு டயரின் அடிப்பாகம் மட்டும்தான். சாதாரண காரில் ஒவ்வொரு தொடுபரப்பும் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு. வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது எல்லாமே அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் நடக்க வேண்டும்.

டயர் தரும் பிடிமானம், அதாவது கிரிப், இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ரப்பருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு ஒன்று. டயரை மேலிருந்து அழுத்தும் பலம் இன்னொன்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. காய்ந்த தார் சாலை, நல்ல டயர். உராய்வு எண் 0.9 என்று வைத்துக்கொண்டால், கார் வழுக்காமல் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 76 கி.மீ. ஐப்பசி மழையில் அதே சாலை நனைந்து உராய்வு எண் 0.5 ஆகக் குறைந்தால்? 56 கி.மீ.தான். வழக்கமாக 65-ல் தாண்டும் வளைவு, அன்றைக்கு அதே 65-ல் காரை வெளியே தள்ளிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளைவில் காரை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் பலம், வேகத்தின் இருமடியில் கூடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் கிரிப் நாலு மடங்கு. பிரேக் தூரமும் அப்படியே. 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரில் நிற்கும் கார், 120-ல் 80 மீட்டர் கேட்கும். ஓட்டுபவர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் போகும் 33 மீட்டர் தனி.

பஸ்ஸில் நின்றவர்களுக்குத் தெரிந்த பாடம்

தாம்பரத்தில் ஏறி கிண்டி வரை நின்றுகொண்டே போனவர்களுக்கு அடுத்த பகுதியை விளக்கவே வேண்டாம். டிரைவர் சடன் பிரேக் போட்டால் மொத்தக் கூட்டமும் முன்னால் சாய்கிறது. பஸ் வலது பக்கம் வளைந்தால் எல்லோரும் இடது ஜன்னல் பக்கம் சரிகிறார்கள். காரின் எடையும் இதையேதான் செய்கிறது.

பிரேக் பிடித்தால் எடை முன் டயர்களுக்கு மாறும், பின் டயர்கள் லேசாகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தலைகீழ். வலது வளைவில் இடது பக்க டயர்கள்தான் பெரும்பாலான சுமையைத் தாங்கும்.

மொத்த எடை மாறவில்லையே, ஒரு டயர் இழந்ததை இன்னொரு டயர் வாங்கிக்கொள்கிறதே, அப்புறம் என்ன பிரச்சனை என்று கேட்கலாம். பிரச்சனை ரப்பரில் இருக்கிறது. ஒரு டயர் மீது சுமையை இரட்டிப்பாக்கினால் அதன் கிரிப் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் சுமை ஒரு பக்கமாகக் குவியக் குவிய, நாலு டயரும் சேர்ந்து தரும் மொத்த கிரிப் குறைகிறது. ரேஸ் கார் ஏன் தரையோடு தரையாகத் தாழ்ந்து, அகலமாக இருக்கிறது என்பதற்கு பதில் இதுதான். எடை மையம் எவ்வளவு கீழே இருக்கிறதோ, சக்கரங்கள் எவ்வளவு அகன்று நிற்கின்றனவோ, அவ்வளவு குறைவாக எடை பக்கவாட்டில் மாறும். உயரமான எஸ்யூவி வளைவில் சாய்வதும், தாழ்ந்த செடான் அவ்வளவாகச் சாயாததும் இதே கணக்கு.

முன் டயர்கள் முதலில் கிரிப்பை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகும். இதற்குப் பெயர் அண்டர்ஸ்டீயர். பின் டயர்கள் முதலில் விட்டால் வால் பக்கம் சுற்றிக்கொண்டு வரும், அது ஓவர்ஸ்டீயர். ரேஸ் வீரர்கள் இரண்டாவதை நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் உணர்ந்து ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிப்பார்கள். சமாளிக்க முடியாத எல்லையும் உண்டு. கார் ஒரு கோணத்தைத் தாண்டித் திரும்பிவிட்டால் பக்கவாட்டில் வழுக்கும் டயர்களால் அதைத் திரும்ப நேராக்க முடியாது. அதன் பிறகு அது பம்பரம்தான்.

2025 ஜனவரி 7-ம் தேதி துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் போர்ஷே கார் தடுப்பில் மோதி, பலமுறை சுழன்று நின்ற வீடியோவை தமிழ்நாடே பார்த்தது. அவர் காயமின்றி இறங்கி வந்தார். பார்த்தவர்களை பயமுறுத்திய அந்தச் சுழற்சியே ஒருவகையில் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். காரின் இயக்க ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ஒரே இடியில் மொத்தமும் உடலுக்குள் இறங்குவதற்குப் பதிலாக, தடுப்பு நசுங்குவதிலும் கார் பாகங்கள் நொறுங்குவதிலும் டயர்கள் தேய்ந்து சுழல்வதிலும் அது பிரிந்து செலவானது. மீதியை கூண்டுக் கம்பிகளும், பல முனை சீட் பெல்ட்டும், கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் கருவியும் பார்த்துக்கொண்டன. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 12-ல், அவரது அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது.

மணல் மூட்டை ஏற்றினால் போதாதா?

டயரை அழுத்தினால்தான் கிரிப் என்றால், காரில் நாலு மணல் மூட்டையை ஏற்றிவிடலாமே? நியாயமான கேள்வி. ஆனால் மூட்டை ஏறினால் காரின் நிறையும் ஏறும். அந்தக் கூடுதல் நிறையையும் சேர்த்து வளைவில் இழுத்துப் பிடிக்க கூடுதல் பலம் வேண்டும். ஏறிய கிரிப்பை ஏறிய நிறையே தின்றுவிடும். போதாக்குறைக்கு பிரேக் தூரமும் டயர் சூடும் கூடும்.

நிறை கூடாமல் அழுத்தம் மட்டும் கூட வேண்டும். அதைத் தருவதுதான் காற்று. அந்த அழுத்தத்தை டவுன்ஃபோர்ஸ் என்கிறார்கள், தமிழில் கீழ்நோக்கு விசை.

150 மீட்டர் ஆரமுள்ள வேகமான வளைவை எடுத்துக்கொள்வோம். ரேஸ் டயரின் உராய்வு எண் 1.5 என்று வைத்தால், காற்றின் உதவி இல்லாமல் அதிகபட்சம் சுமார் 169 கி.மீ. வேகத்தில் போகலாம். காரின் எடைக்குச் சமமான டவுன்ஃபோர்ஸ் கிடைத்தால் அது 239 கி.மீ. ஆகிறது. அதே டயர், அதே சாலை, 70 கி.மீ. வித்தியாசம். ரேஸ் அணிகள் இதற்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்வதில் வியப்பில்லை.

டவுன்ஃபோர்ஸ் எப்படி வருகிறது? தலைகீழ் இறக்கை தன் மீது வரும் காற்றை மேல்நோக்கித் திருப்பி விடுகிறது. காற்றை மேலே தள்ளினால் எதிர்வினையாக இறக்கை கீழே தள்ளப்படும். நியூட்டனின் மூன்றாம் விதி, பத்தாம் வகுப்புப் பாடம். இதையே அழுத்தக் கணக்காகவும் சொல்லலாம். இறக்கையின் அடியில் காற்று வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும், மேலே இருக்கும் அதிக அழுத்தம் அதைக் கீழே அமுக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு தாள்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, நடுவில் ஊதுங்கள். விலகிப் போகும் என்று நினைத்த தாள்கள் ஒன்றையொன்று நெருங்கும்.

ரேஸ் காரில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்வது கண்ணுக்குத் தெரியாத இடம், அதாவது காரின் அடிப்பகுதி. தரைக்கும் காருக்கும் இடையில் இருக்கும் குறுகலான வழியில் காற்று புகுந்து, வேகமெடுத்து, பின்பக்கம் விரிந்துகொண்டே போகும் டிஃப்யூசர் வழியாக வெளியேறுகிறது. அடியில் அழுத்தம் விழுகிறது. கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. மரியோ ஆன்ட்ரெட்டி 1978-ல் லோட்டஸ் 79 காரில் உலக சாம்பியன் ஆனது இந்த உத்தியில்தான். அதே ஆண்டு பிரபாம் அணி ஒருபடி மேலே போய், காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியையே பொருத்தி அடியில் இருந்த காற்றை உறிஞ்சியது. ஸ்வீடனில் ஜெயித்தது. அதோடு அந்த கார் ஃபார்முலா 1 போட்டிக்குத் திரும்பவே இல்லை.

1983-ல் ஃபார்முலா 1 கார்களின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2022-ல் வளைந்த அடிப்பகுதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் பழைய நோய் ஒன்று கூடவே திரும்பி வந்தது. வேகம் கூடும்போது கார் கீழே இழுக்கப்படுகிறது, தரையை ரொம்ப நெருங்கியதும் காற்றோட்டம் தடைபட்டு அழுத்தம் விட்டுப்போகிறது, கார் எழும்புகிறது, உடனே மறுபடி இழுக்கப்படுகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போவது போன்ற இந்தக் குதிப்பு 300 கி.மீ. வேகத்தில் நடந்தால் எப்படி இருக்கும்? அந்த ஆண்டு பாகு பந்தயம் முடிந்ததும் லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரில் இருந்து இறங்கச் சிரமப்பட்டதை உலகமே பார்த்தது.

பயந்தால் ஆபத்து

டவுன்ஃபோர்ஸும் வேகத்தின் இருமடியில்தான் கூடுகிறது. 100 கி.மீ. வேகத்தில் 100 கிலோ அழுத்தம் தரும் ஒரு இறக்கை 200-ல் 400 கிலோவும், 300-ல் 900 கிலோவும் தரும். இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. சில வேகமான வளைவுகளில் முழு வேகத்தில் போனால் கார் ஒட்டிக்கொண்டு போகும். பாதியில் பயந்து காலை எடுத்தால் டவுன்ஃபோர்ஸ் குறைந்து, எடையும் முன்னால் மாறி, பின்பக்கம் வழுக்கிவிடும். காற்றின் மீது நம்பிக்கை வைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கப் பழகுவதுதான் சாதாரண காரில் இருந்து ஃபார்முலா காருக்கு மாறும் இளம் வீரர்களுக்குக் கடினமான பாடம்.

இதற்கு விலையும் உண்டு. காற்றைத் திருப்பிவிட்டால் காற்று பின்னால் இழுக்கும். அந்த இழுவையை வெல்லத் தேவையான எஞ்சின் சக்தி வேகத்தின் மும்மடியில் கூடுகிறது. ஒரு சாதாரண ஹேட்ச்பேக் 100 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துப் போக மட்டும் சுமார் 11 குதிரைத்திறன் போதும். 200 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 90 வேண்டும். அதனால்தான் நீண்ட நேர்ச்சாலைகள் உள்ள இத்தாலியின் மோன்சாவுக்கு ஒல்லியான இறக்கை, சந்து போன்ற மொனாக்கோவுக்குப் பெரிய இறக்கை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த சென்னை ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் மொனாக்கோ வகையைச் சேர்ந்தது. 3.5 கி.மீ.க்குள் 19 திருப்பங்கள். சராசரியாக 200 மீட்டருக்கு ஒரு திருப்பம் வந்தால் காற்று என்ன செய்ய முடியும்? மெதுவான வளைவுகளில் டயரும் சஸ்பென்ஷனும்தான் ராஜா. ரேஸ்காரர்கள் இதை மெக்கானிக்கல் கிரிப் என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையின் திறந்த வளைவுகளுக்கு வைத்த செட்டிங்கை அப்படியே கொண்டுவந்து அண்ணா சாலை பக்கம் ஓட்டினால் கார் ஒத்துழைக்காது.

தெரு டிராக்கில் இன்னொரு தலைவலி பாதாளச் சாக்கடை மூடிகள். காரின் அடியில் உருவாகும் உறிஞ்சு சக்தி இரும்பு மூடியையே பிடுங்கிவிடும். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸ் பயிற்சியில் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி, சாலையில் பெயர்ந்த தண்ணீர் வால்வு மூடி மீது மோதி அடிப்பகுதி நொறுங்கியது. தெருவில் ரேஸ் நடத்துபவர்கள் மூடிகளை முன்கூட்டியே வெல்டிங் வைத்து இறுக்குவது இதனால்தான்.

இறக்கை எதிர்பாராத கோணத்தில் காற்றைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999 லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் உதாரணம். மெர்சிடிஸ் அணியின் சிஎல்ஆர் கார்கள், மேட்டைத் தாண்டும்போதும் முன்னால் போகும் காரை நெருங்கும்போதும் மூக்கு லேசாக எழும்பி, அடியில் காற்று புகுந்து, நிஜமாகவே பறந்தன. மார்க் வெப்பர் ஓட்டியபோது இரண்டு முறை, பீட்டர் டம்பிரெக் ஓட்டியபோது ஒரு முறை. டம்பிரெக்கின் கார் அந்தரத்தில் பல்டியடித்து தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு இடையே போய் விழுந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

லாரிக்குப் பின்னால் கிடைக்கும் காற்று

வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் பெரிய கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனவர்கள் அந்த இழுப்பை உணர்ந்திருப்பார்கள். லாரி கிழித்துவிட்ட காற்றில் எதிர்ப்பு குறைவு. ரேஸில் இது ஸ்லிப்ஸ்ட்ரீம். (பைக்கில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். லாரி பிரேக் பிடித்தால் முடிந்தது கதை. பக்கவாட்டில் முந்தும்போது அடிக்கும் காற்றுச் சுழலும் பைக்கை உலுக்கும்.)

நேர்ச்சாலையில் பின்னால் வரும் காருக்கு வரமாக இருக்கும் இதே காற்று, வளைவில் சாபம். முன் கார் கலக்கிவிட்ட காற்று பின் காரின் இறக்கைக்கு ஒழுங்காக வந்து சேராது. டவுன்ஃபோர்ஸ் குறையும், முன் டயர் வழுக்கும், டயர் சூடேறும். ஃபார்முலா 1-ல் ஓவர்டேக் செய்வது குதிரைக் கொம்பாக இருப்பதற்கு இந்த அழுக்குக் காற்று முக்கியக் காரணம்.

இதற்கு ஒரு நல்ல மறுபக்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. கோவையில் பிறந்த எல்ஜிபி ஃபார்முலா 4 காருக்கு இறக்கையே கிடையாது. ஆகவே பின்னால் வருபவர் வளைவில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. நேர்ச்சாலையில் ஸ்லிப்ஸ்ட்ரீம் மட்டும் கிடைக்கும். விளைவு, கூட்டமாகப் போகும் கார்கள் சுற்றுக்குச் சுற்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். விலை குறைந்த கார்தான், ஆனால் பார்ப்பவர்களுக்குப் பல ஃபார்முலா 1 பந்தயங்களைவிட சுவாரசியம்.

நரேன் கார்த்திகேயனின் 5 புள்ளிகள்

விசைகள் ஒரு பந்தயத்தையே கவிழ்த்த கதையில் ஒரு தமிழர் நேரடியாக இருக்கிறார். 2005 ஜூன் 19, அமெரிக்க கிராண்ட் பிரீ, இண்டியானாபோலிஸ். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரான கோவையின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டினார்.

அந்த டிராக்கின் 13-வது திருப்பம், ஓவல் பந்தயங்களுக்காகச் சுமார் 9 டிகிரி சாய்த்துக் கட்டப்பட்டது. சாய்வான வளைவில் கார் வேகமாகப் போக முடியும். ஆனால் சாதாரண வளைவில் டயரைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளும் விசையின் ஒரு பகுதி, சாய்வில் டயரைத் தரையை நோக்கி நேராக அமுக்கும். காரின் எடை, டவுன்ஃபோர்ஸ், இந்தக் கூடுதல் அமுக்கம் மூன்றும் சேர்ந்து வந்தன. வலது வளைவு என்பதால் பாரம் முழுக்க இடது பக்கத்தில். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமேக்கரின் இடது பின் டயர் அந்த இடத்தில் செயலிழந்து கார் சுவரில் மோதியது. தங்கள் டயர் அந்த வளைவின் வேகத்தைப் பந்தயம் முழுக்கத் தாங்கும் என்று மிஷெலின் நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க ஒரு வளைவுத் தடை வைக்கலாம் என்ற யோசனையை எஃப்ஐஏ ஏற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 20 கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடியும்போது மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் பந்தயத்தைத் தொடங்கின. ரசிகர்கள் கூச்சலிட்டனர். மைக்கேல் ஷூமேக்கர் ஜெயித்தார், நரேன் 4-வது இடம். ஃபார்முலா 1-ல் ஒரு இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அந்த 5. சும்மா கிடைத்தது என்று அப்போது சிலர் கேலி செய்தார்கள். அதே வளைவை எழுபதுக்கும் மேற்பட்ட முறை முழு வேகத்தில் தாண்டி, காரைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்ததை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

குரோம்பேட்டை முதல் காட்டாங்குளத்தூர் வரை

காற்றியக்கவியல் தென்சென்னைப் புறநகருக்குப் புதிது இல்லை. சி.ராஜம் 1949-ல் தொடங்கிய குரோம்பேட்டை எம்ஐடி, நாட்டிலேயே விமானப் பொறியியலை ஆரம்ப காலத்தில் கற்பித்த நிறுவனங்களில் ஒன்று. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான். ரேஸ் ஓட்டுநர் அஜித்குமாருக்கும் இந்த வளாகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 2018-ல் எம்ஐடியின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார்.

இன்று கார் பக்கம் ஆர்வம் காட்டுவது மாணவர் ஃபார்முலா அணிகள். சென்னை ஐஐடியின் ரஃப்தார் குழு 2022 நவம்பரில் ஆர்எஃப்23 என்ற தனது முதல் மின்சார ஃபார்முலா காரை வெளியிட்டது. காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம்மில் கேம்பர் ரேசிங் அணி இயங்குகிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிதான் இத்தகைய அணிகளின் திருவிழா.

இந்த மாணவர்கள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இறக்கை வைப்பதா, வேண்டாமா? போட்டியின் பாதை குறுகலானது, வளைவுகள் மெதுவானவை. 50, 60 கி.மீ. வேகத்தில் இறக்கை தரும் அழுத்தம் கொஞ்சம்தான். அதற்காக 10 கிலோ, 15 கிலோ எடையை, அதுவும் உயரத்தில், ஏற்ற வேண்டுமா? கார் லேசாக இருப்பதால் அந்தக் கொஞ்சமும் பலன் தரும் என்பது ஒரு கட்சி. அந்த நேரத்தையும் பணத்தையும் சஸ்பென்ஷனில் போடு என்பது இன்னொரு கட்சி. முதல் முறை கார் கட்டும் அணிக்கு இரண்டாவது கட்சி சொல்வதே நல்லது. ஓடாத காருக்கு இறக்கை எதற்கு?

கணினியில் காற்றோட்டத்தைக் கணித்துப் பார்ப்பது, காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்து அளப்பது, டிராக்கில் ஓட்டிச் சரிபார்ப்பது என்று மூன்று படிகள். மூன்றும் ஒரே விடையைத் தருவது அபூர்வம். அப்படித் தராமல் போகும்போதுதான் மாணவர்கள் உண்மையில் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்னை வெயிலும் இந்தக் கணக்கில் உண்டு. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.22 கிலோ. 40 டிகிரியில் 1.13 கிலோதான். அதாவது மே மாதத்தில் ஒரே இறக்கை சுமார் 8 சதவீதம் குறைவான டவுன்ஃபோர்ஸ் தரும். காற்றின் இழுவையும் அதே அளவு குறையும், எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி பெறும் விமானிக்கும் இதே பாடம் வேறு வடிவில் உண்டு: வெயில் நாளில் விமானம் மேலெழ நீளமான ஓட்டம் வேண்டும்.

காருக்கு ஸ்பாய்லர் போட்டால் ரேஸ் கார் ஆகுமா?

ஆகாது. புறநகர் ஆக்சசரி கடைகளில் டிக்கி மீது ஒட்டித் தரும் பெரும்பாலான ஸ்பாய்லர்கள் அழகுக்கு மட்டும். 80, 90 கி.மீ. வேகத்தில் அவை தரும் அழுத்தம், பின் சீட்டில் ஒரு பள்ளிப் பையை வைத்த அளவுக்குக்கூட இருக்காது. இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சின்ன கார்கள் முன்சக்கரத்தால் ஓடுபவை. ஸ்டீயரிங், பிரேக், எஞ்சின் இழுப்பு எல்லாம் முன் டயர்களிடம் இருக்க, பின்னால் மட்டும் அழுத்தத்தைக் கூட்டினால் நிஜமான ஸ்பாய்லராகவே இருந்தாலும் வளைவில் அண்டர்ஸ்டீயர்தான் கூடும். தேய்ந்த டயரை மாற்றி, காற்றைச் சரியாக அடிப்பது அந்தப் பணத்துக்குப் பல மடங்கு கிரிப் தரும்.

ஈசிஆரிலும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் இரவில் நடக்கும் சட்டவிரோத ரேஸ்களை போலீசார் அவ்வப்போது பிடிக்கிறார்கள். டிராக்குக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டுபவரின் திறமையில் இல்லை. டிராக்கில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் போகும். வளைவுக்கு வெளியே வழுக்கும் காரை நிறுத்த ஜல்லிப் படுகையும் டயர் சுவரும் இருக்கும். சில நொடிகளில் மருத்துவக் குழு வரும். இத்தனையும் இருந்தும் 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை தேசியப் போட்டியில் இன்னொரு காருடன் மோதி டிராக்கை விட்டு விலகிய விபத்தில் 59 வயது மூத்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் கீழே விழுந்த 13 வயதுச் சிறுவனும் அதே டிராக்கில் இறந்தான். வெளிவட்டச் சாலையில் ஜல்லிப் படுகை இருக்க வேண்டிய இடத்தில் பல நேரம் விளக்கு போடாமல் நிற்கும் லாரி இருக்கிறது.